அந்த மஞ்சள் வீழ்படிவு மெதனோலிலிருந்து வந்ததல்ல

திருகோணமலை.

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் கல்விப் பகுதியில் அண்மையில் வெளிவந்த, அற்ககோல்கள் பற்றிய உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான கட்டுரையை எங்கள் அயல் வீட்டுப் பிள்ளை ஒருத்தி கத்தரித்து எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான் என்பதால், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஐயம் எழுந்தால் எங்கள் வீட்டுப் படலையைத்தான் திறப்பார்கள். "ரீச்சர், மெதனோல் அயடோபோம் தராது எண்டு எங்கட மிஸ் சொன்னவா. பேப்பரில தரும் எண்டு போட்டிருக்கு. ஆர் சொன்னது சரி?" என்று கேட்டாள். அவளுடைய ஆசிரியை சொன்னதே சரி. கட்டுரை சொன்னது பிழை. ஆனால் அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பது பிழையைவிட முக்கியமானது என்று எனக்குத் தோன்றுவதால், சற்று நீளமாகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் மூன்று செய்திகளைச் சொல்லியிருந்தார். அயடீனையும் சோடியம் ஐதரொட்சைட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் மெதனோல் என்ற நச்சு அற்ககோல் உட்பட எல்லா அற்ககோல்களும் அயடோபோமின் மஞ்சள் வீழ்படிவைத் தரும் என்பதும், அதைத் தாமே ஒரு வகுப்பில் செய்து பார்த்ததாகவும் எழுதியிருந்தார். பாடசாலையில் அயடீன் பளிங்கு இல்லாவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் டிங்சர் அயடீனைப் பயன்படுத்தலாம் என்று ஓர் ஆலோசனையும் கூறியிருந்தார். முடிவில், சாராயம் நஞ்சு கலந்ததா என்பதைக்கூட இந்த எளிய சோதனையால் வீட்டிலேயே அறியலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. முதற் செய்தி பரீட்சையில் சில புள்ளிகளைப் பறிக்கும். இறுதி வாக்கியம் ஒருவரின் கண்ணையோ உயிரையோ பறிக்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆலோசனைதான் குழப்பத்தின் வேர்.

அயடோபோம் சேதனச் சேர்வைகளுள் மிக எளிய அமைப்புடைய ஒன்று. ஒரு காபன் அணுவைச் சுற்றி ஓர் ஐதரசனும் மூன்று அயடீனும் இருக்கின்றன, அவ்வளவே. குளோரோபோமில் மூன்று குளோரீன் இருக்கும் இடத்தில் இங்கே மூன்று அயடீன் இருக்கிறது என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். ஆயினும் குளோரோபோம் நிறமற்ற திரவம், அயடோபோமோ பளபளக்கும் மஞ்சள் பளிங்கு. அதன் ஒரு மூல் ஏறத்தாழ 394 கிராம் நிறையுடையது என்பதையும், அதில் 381 கிராம் அயடீன் என்பதையும் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு, ஏனெனில் இதைச் சேதனச் சேர்வை என்று அழைப்பதற்கு உரிமை தரும் காபனும் ஐதரசனும் சேர்ந்தே 13 கிராம்தான். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல நான்கு மடங்கு என்பதால் சோதனைக்குழாயை அசையாமல் வைத்தால் வீழ்படிவு விரைவாக அடியில் இறங்கிவிடும். உருகுநிலை 120 பாகை செல்சியஸை ஒட்டியது. ஒரு லீற்றர் நீரில் 0.1 கிராம் அளவே கரையும், சூடான எதனோலிலும் (சாராயத்தில் இருக்கும் அற்ககோல் இதுதான்) ஈதரிலும் குளோரோபோமிலும் நன்றாகக் கரையும். நீரில் இவ்வளவு குறைவாகக் கரைவதால்தான், மிகச் சொற்ப அளவு உண்டானாலும் அது மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தச் சோதனையின் பலம் அதுவே. பலவீனமும் அதுவே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மணத்தைப் பற்றிச் சொல்லாமல் அயடோபோமைப் பற்றிப் பேசி முடியாது. குங்குமப்பூவை நினைவூட்டும் மணம் என்று நூல்கள் எழுதும். எங்கள் தலைமுறைக்கு அது காயத்துக்கு மருந்து கட்டும் அறையின் மணம். சிறு வயதில் காலில் ஆணி ஏறி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நாள்களில் என் மூக்கில் ஏறிய அந்த மணத்தை, பல ஆண்டுகளுக்குப் பிறகு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக்குழாயிலிருந்து எழக் கண்டபோதுதான், இரசாயனவியல் என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதல்ல என்று எனக்கு முதன்முதலில் உறைத்தது.

இப்போது மெதனோலுக்கு வருவோம். இந்தத் தாக்கத்துக்குத் தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பு, அதாவது காபனைல் கூட்டத்தை (ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள காபனை) ஒட்டி ஒரு மெதைல் கூட்டம் (மூன்று ஐதரசன் ஏறிய காபன்). கார ஊடகத்தில் அந்த மெதைல் கூட்டத்தின் மூன்று ஐதரசன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அயடீனால் பிரதியிடப்படுகின்றன. ஒன்று ஏறியபின் அடுத்தது ஏறுவது இன்னும் எளிதாகிறது. மூன்றும் ஏறிய பிறகு அந்தக் காபன் காபனைல் கூட்டத்தோடு ஒட்டியிருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. ஐதரொட்சைட்டு அயன் காபனைல் காபனைத் தாக்க, மூன்று அயடீனைச் சுமந்த காபன் கழன்று ஒரு புரோத்தனைப் பெற்று அயடோபோமாகிறது, எஞ்சிய பகுதி காபொட்சிலிக்கமிலத்தின் உப்பாகிறது. அசற்றோனில் இந்தக் கட்டமைப்பு ஏற்கெனவே இருப்பதால் சூடாக்காமலே வீழ்படிவு வரும். எதனோலில் அது நேரடியாக இல்லை, ஆனால் அயடீனும் காரமும் சேர்ந்து எதனோலை முதலில் எதனலாக ஒட்சியேற்றுகின்றன, எதனலில் அது உண்டு. அதனால்தான் எதனோலுக்கு 60 பாகை அளவுக்கு இளஞ்சூடும் சில நிமிடப் பொறுமையும் வேண்டும். புரொப்பன்-2-ஓல் ஒட்சியேறினால் அசற்றோன் ஆகிறது, ஆகவே அதுவும் தரும். புரொப்பன்-1-ஓல் தராது. முதலான (primary) வகை அற்ககோல்களில் அயடோபோம் தருவது எதனோல் ஒன்றுதான்.

மெதனோலில் இருப்பது ஒரே ஒரு காபன். அது ஒட்சியேறினால் மெதனல் வரும், அதிலும் ஒரே காபன்தான். காபனைல் கூட்டத்துக்குப் பக்கத்தில் மெதைல் கூட்டம் இருப்பதற்கு இரண்டாவது காபனே அங்கே இல்லை. எனவே மெதனோல் அயடோபோமைத் தராதது மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கு அல்ல, அதன் அமைப்பிலிருந்தே காணக்கூடிய முடிவு.

அப்படியானால் கட்டுரையாளர் தம் வகுப்பில் கண்ட மஞ்சள் எங்கிருந்து வந்தது? அவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவர் கண்டது உண்மை என்றே நம்புகிறேன், ஏனென்றால் நானும் அதே மஞ்சளைக் கண்டவள்.

போர்க்காலத்தில், ஆய்வுகூடப் பொருள்கள் இந்த ஊருக்கு வந்து சேர்வது அரிதாயிருந்த ஓர் ஆண்டில், எங்கள் பாடசாலையில் அயடீன் பளிங்கு தீர்ந்துபோயிற்று. செயன்முறை வகுப்பை நிறுத்த மனமில்லாமல், மருந்துக் கடையில் இரண்டு போத்தல் டிங்சர் அயடீன் வாங்கிவந்து, அதையே அயடீன் கரைசலாகப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பெயர் எழுதாத நான்கு திரவங்களில் எது எதனோல் என்று கண்டுபிடிப்பது அன்றைய வேலை. பத்து நிமிடத்தில் வகுப்பறை முழுதும் அயடோபோமின் மணம், எல்லாக் குழாய்களிலும் மஞ்சள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, தனக்குக் கிடைத்த திரவம் மணமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பதாகவும், அதுவும் மஞ்சள் தந்ததாகவும் சொன்னான். அது உண்மையிலேயே தண்ணீர்தான், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானே வைத்தது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசாமல் குழாயை மூன்று முறை கழுவி, மீண்டும் செய்து, மஞ்சளாக இருந்த குழாயை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு டிங்சர் போத்தலை எடுத்து அதன் சுட்டியை வாசித்தேன். அயடீன் நீரில் மிகக் குறைவாகவே கரையும் பொருள், ஒரு லீற்றரில் 0.3 கிராம் அளவே கரையும். அதனால்தான் மருந்தாகும் டிங்சரை வெறும் நீரில் செய்வதில்லை. ஏறத்தாழ 2 சதவீத அயடீனும் அதைக் கரைசலில் நிறுத்தி வைக்க ஓர் அயடைட்டு உப்பும் இருக்க, அந்தத் திரவத்தின் ஏறக்குறையப் பாதி எதனோலாக இருக்கிறது. டிங்சர் என்ற சொல்லே மதுசாரத்தில் கரைத்த மருந்தைத்தான் குறிக்கிறது. நான் பிள்ளைகளிடம் கொடுத்த சோதனைப்பொருளுக்குள்ளேயே சோதிக்கப்பட வேண்டிய பொருள் நிறைந்திருந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2 மில்லி லீற்றர் டிங்சரில் 0.04 கிராம் அயடீன் உண்டு, எதனோலோ ஏறத்தாழ 1 மில்லி லீற்றர் உண்டு. மூல் அளவில் அயடீனைப் போல நூறு மடங்கு எதனோல் அது. அதில் காரத்தை விட்டு இளஞ்சூடாக்கினால், வேறு எதையும் சேர்க்காமலே 15 மில்லிகிராம் வரை அயடோபோம் உண்டாகலாம். நான் முன்னே சொன்னது போல, அது நீரில் கரையாத பொருள் என்பதால் அந்த 15 மில்லிகிராமும் குழாயின் அடியில் பளிச்சென்று தெரியும்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல், வெற்றுச் சோதனை இல்லாமல் எந்த இனங்காணற் சோதனையையும் நான் செய்வித்ததில்லை. சோதிக்கும் திரவத்துக்குப் பதிலாக நீரை வைத்து, மற்றெல்லாவற்றையும் அதே அளவில் அதே நேரத்தில் செய்து பார்ப்பதே வெற்றுச் சோதனை. நீர் மஞ்சள் தந்தால் உங்கள் சோதனைப்பொருள் பழுது. கட்டுரையாளர் அந்த ஒரு குழாயை மட்டும் கூடுதலாக வைத்திருந்தால், இந்தக் கட்டுரை அச்சுக்கு வந்திருக்காது.

நினைவை மட்டும் நம்பி எழுதுவது முறையன்று என்பதால், சென்ற வாரம், நான் முன்பு கற்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத்தில் அங்குள்ள ஆசிரியையின் அனுமதியோடு இதை மீண்டும் செய்தேன். அயல் வீட்டுப் பிள்ளையும் உடன் இருந்தாள். மெதனோல், எதனோல், வடித்த நீர் ஆகிய மூன்றையும் மூன்று குழாய்களில் எடுத்து, டிங்சர் அயடீனையும், கபில நிறம் மங்கி வெளிறிய மஞ்சளாகும் வரை துளித்துளியாகச் சோடியம் ஐதரொட்சைட்டையும் சேர்த்து, 60 பாகை நீர்த்தொட்டியில் வைத்தோம். மூன்றிலும் வீழ்படிவு வந்தது. பின்னர் அதே மூன்றையும், பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் கரைத்த அயடீனைக் கொண்டு செய்தோம். எதனோல் குழாயில் மட்டும் வந்தது, மெதனோல் தெளிவாகவே நின்றது. அவள் தன் கொப்பியில் இரண்டு அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டாள்.

செயன்முறையை நடத்தும் ஆசிரியர்களுக்குச் சில நுணுக்கங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். காரத்தை அளவுக்கு மீறி ஊற்றிக் கொதிக்கவிட்டால், உண்டான அயடோபோமே காரத்தால் சிதைந்து மறைந்துவிடும், எதனோலும் தராதது போல் தோன்றும். காரம் போதாமல் விட்டால் தாக்கமுறாத அயடீனின் நிறம் எஞ்சி நின்று மஞ்சள் போல் ஏமாற்றும். அந்த ஐயம் வந்தால் சில துளி சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை விட்டுப் பாருங்கள். அயடீனின் நிறம் உடனே மறையும், அயடோபோமின் மஞ்சள் அப்படியே இருக்கும். மெதனோலிலேயே அசற்றோன் மாசாகக் கலந்திருந்தால் சூடாக்குமுன்பே மஞ்சள் வரும். மரத்தைக் காய்ச்சி வடித்து மெதனோல் எடுத்த காலத்தில் இது வழக்கமான தொல்லையாக இருந்தது. நீர்க் குழாயைப் போலவே, நல்ல எதனோல் இட்ட குழாய் ஒன்றையும் எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

சோதனைக்குழாயில் மில்லிகிராம் அளவில் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு சேதனச் சேர்வையைத் தயாரித்து, வடித்து, உலர்த்தி, நிறுத்து, உருகுநிலையும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு அயடோபோமைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. அயடீன் விலை கூடிய பொருள் என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எதனோலிலிருந்து செய்தால், தாக்கமுறும் எட்டு அயடீன் அணுக்களில் மூன்றுதான் அயடோபோமுக்குள் போகும், ஐந்து சோடியம் அயடைட்டாகக் கழிவுநீரோடு போகும். அசற்றோனிலிருந்து செய்தால் ஆறில் மூன்று வீணாகும். ஆனால் இதற்கு அழகான ஒரு வழி நெடுங்காலமாகவே உண்டு. பொற்றாசியம் அயடைட்டையும் அசற்றோனையும் நீரில் எடுத்துக்கொண்டு, சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலை, அதாவது துணி வெளிற்றும் திரவத்தை, மெல்ல மெல்லச் சேர்ப்பதே அது. ஐப்போகுளோரைற்று அயடைட்டை ஒட்சியேற்றித் தாக்கமுறும் வடிவுக்குக் கொண்டுவருகிறது, தாக்கத்தில் மீண்டும் அயடைட்டாகிப் போவதை மறுபடியும் ஒட்சியேற்றுகிறது. இவ்வாறு, கொள்கையளவில் ஓர் அயடீன் அணுவும் வீணாவதில்லை.

நான் செய்வித்த அளவுகள் இவை. 6 கிராம் பொற்றாசியம் அயடைட்டை 100 மில்லி லீற்றர் நீரில் கரைத்து, 2 மில்லி லீற்றர் அசற்றோன் சேர்த்து, கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே 5 சதவீத ஐப்போகுளோரைற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். கணக்கின்படி 54 மில்லி லீற்றர் போதும், ஆனால் எங்கள் ஊர் வெயிலில் கடை வாசலில் மாதக்கணக்காக நின்ற போத்தல் என்றால் அதன் வலு குறைந்திருக்கும் என்பதால் சற்றுக் கூடத் தேவைப்படலாம். புதிதாக விடும் துளியில் மஞ்சள் மேலும் உண்டாகாத நிலை வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் ஊற்றினால் எஞ்சிய அசற்றோன் குளோரோபோமாக மாறத் தொடங்கும். பத்து நிமிடம் வைத்திருந்து, வடிதாளில் வடித்து, குளிர்ந்த நீரால் கழுவி, வடிதாள்களுக்கு இடையில் அமுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் விரைவாகக் காயும் என்று எண்ணக்கூடாது: ஒளி அயடோபோமைச் சிதைத்து அயடீனை வெளிவிடும், பளிங்குகள் கபிலமாகிவிடும். சூடான எதனோலில் கரைத்து ஆறவிட்டால் தகடு தகடான மஞ்சள் பளிங்குகள் கிடைக்கும். எதனோலை நீர்த்தொட்டியில்தான் சூடாக்க வேண்டும், தீச்சுவாலையில் அல்ல. கன்னியா வெந்நீரூற்றின் சூடு இதற்குப் போதுமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது என்னிடம் கேட்டதுண்டு. போதாது என்று சொல்வேன், ஆனால் அவர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு பாடத்தைப் படிப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இந்த அளவிலிருந்து அதிகபட்சமாக 4.7 கிராம் அயடோபோம் கிடைக்கலாம். என் மாணவர்கள் பெரும்பாலும் 3 கிராமுக்கு மேல் எடுத்தார்கள். எஞ்சியது எங்கே போயிற்று என்று அவர்கள் தேடிய தேடலில்தான் விளைவு சதவீதம் என்ற சொல் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. வெளிற்றும் திரவத்தின் அருகில் எந்த அமிலத்தையும் கொண்டுவரக்கூடாது, குளோரீன் வாயு கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் அவசியம், ஏனெனில் அயடோபோம் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும் ஆய்வுகூடத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டுக் குசினியில் அல்ல.

கட்டுரையின் ஒரு மூலையில் டிங்சர் அயடீனும் அயடோபோமும் ஏறக்குறைய ஒரே மருந்து என்ற தொனியும் இருந்தது. அவை ஒன்றல்ல. டிங்சரில் இருப்பது தனி அயடீன். இன்று பாமசிகளில் கிடைக்கும் பொவிடோன் அயடீனில் அதே அயடீன் ஒரு பல்பகுதியத்தோடு தளர்வாகப் பிணைந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பில் சேர்ப்பது பொற்றாசியம் அயடேற்று என்ற அசேதன உப்பு. நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் அயடீன் தானாகவே இருக்கும் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் இருப்பது 60 மைக்கிரோகிராம் அளவே என்பதால், அதைத் தனியாகச் சேர்த்தே ஆகவேண்டும். கடலிலிருந்து அயடீனைத் திரட்டி வைப்பவை கடற்பாசிகள், 1811இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் குர்த்துவா முதன்முதலில் அயடீனைக் கண்டதும் கடற்பாசிச் சாம்பலில்தான். அயடோபோமை 1822இல் செருல்லாஸ் என்ற இரசாயனவியலாளர் தயாரித்தார், 1870இல் லீபன் என்ற இரசாயனவியலாளர் இந்தத் தாக்கத்தை எந்தெந்தச் சேர்வைகள் தரும் என்று விரிவாக ஆராய்ந்து அதை ஒரு சோதனையாக நிலைநிறுத்தினார். மெதனோல் தராது என்பது அத்தனை காலமாகத் தெரிந்த செய்தி. 1880ஆம் ஆண்டை ஒட்டிக் காயங்களுக்கு மருந்தாக வந்த அயடோபோம், திசுவில் சிறிது சிறிதாக அயடீனை விடுவிப்பதால் பயன் தந்தது. பெரிய காயங்களில் மிகையாக இட்டபோது உடலில் உறிஞ்சப்பட்டு நஞ்சாகவும் ஆனது. இன்று பல் பிடுங்கிய குழியில் வைக்கும் மருந்துத் துணியிலும், பிஸ்மது என்ற உலோகத்தின் உப்போடு கலந்து காது மூக்குச் சிகிச்சையில் வைக்கும் பசையிலும் அது இன்னும் இருக்கிறது.

இனி அந்த இறுதி வாக்கியம். இதை எழுதத் தூண்டியது உண்மையில் அதுதான். நஞ்சு கலந்த சாராயம் என்று நாம் அஞ்சுவது மெதனோல் கலந்த கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை. அதில் மெதனோல் மட்டும் தனியாக இருப்பதில்லை, எதனோலோடு கலந்துதான் இருக்கும். அயடோபோம் சோதனை எதனோலைக் கண்டவுடன் மஞ்சளாகும், மெதனோல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. தூய சாராயமும் மஞ்சள் தரும், உயிரைக் குடிக்கும் சாராயமும் அதே மஞ்சளைத் தரும். மெதனோல் மஞ்சள் தராது என்று சரியாகப் படித்த ஒரு பிள்ளைகூட, "மஞ்சள் வந்துவிட்டது, ஆகவே இது எதனோல், பயமில்லை" என்று தகப்பனிடமோ அண்ணனிடமோ சொல்லிவிடக்கூடும். மணத்திலும் தோற்றத்திலும் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போன மெதனோல் போமிக்கமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது, 10 மில்லி லீற்றர் அளவே பார்வையைப் பறிக்கப் போதுமாக இருக்கலாம். குடித்த உடனே அது தெரியாமல், பல மணி நேரம் கழித்தே பார்வை மங்குவதும் மூச்சு வாங்குவதும் தொடங்கும் என்பது இதில் உள்ள கொடுமை. ஒரு கலவையில் மெதனோல் எவ்வளவு என்பதைச் சொல்ல வாயு நிறப்பகுப்பு போன்ற கருவி வேண்டும், பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளர் வேண்டும். சந்தேகமான சாராயத்தை யாரேனும் குடித்துவிட்டால் செய்ய வேண்டியது, அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான். சோதனைக்குழாயைத் தேடுவதல்ல.

கட்டுரை எழுதியவர் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடும், கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு செயன்முறையை நடத்த வேண்டும் என்ற அக்கறையோடும்தான் எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. வசதி குறைந்த பாடசாலைகளைப் பற்றி நினைத்து எழுதுகிறவர்கள் குறைவு, அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பும் விலை கூடிய வழிகாட்டி நூலும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கமே பல வீடுகளில் இரண்டாவது ஆசிரியர். ஆகவேதான் அங்கே வரும் ஒரு வாக்கியம் வகுப்பில் ஓர் ஆசிரியர் சொல்லும் வாக்கியத்தைவிட அதிக தூரம் போகிறது.

எனவே ஐயா, ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மெதனோல் அயடோபோம் தராது என்பதையும், டிங்சர் அயடீனில் அற்ககோல் இருப்பதால் அதை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தலாகாது என்பதையும், சாராயத்தில் மெதனோல் உண்டா என்பதை இச்சோதனையால் அறியவே முடியாது என்பதையும் அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைக் கடிதங்கள் பகுதியில் அல்லாமல், கட்டுரை வந்த அதே கல்விப் பக்கத்தில், அதே எழுத்தளவில் இடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் செயன்முறைக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். அயல் வீட்டுப் பிள்ளை ஒட்டியிருந்த துண்டுக்குப் பக்கத்தில், திருத்தம் வந்தால் ஒட்டுவதற்கென்று அரைப் பக்கம் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.